இரண்டு சக்கரம் இழுத்தால் போதுமா, நான்கும் இழுக்க வேண்டுமா?

ஏ.டி.வி., அதாவது காட்டுப் பாதைகளில் ஓட்டும் ஹேண்டில்பார் வைத்த நான்கு சக்கர வண்டி, வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியின் முன்னால் நின்று அழகு பார்க்கிறார்கள். பின்னால் போய்க் குனிந்து பார்ப்பது நல்லது. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் ஸ்போர்ட் ரகத்தில் அவை இரண்டையும் கோத்தபடி ஒரே கனத்த எஃகு அச்சு குறுக்கே போகும். அதன் நடுப்பகுதியில் ஒரு பல்சக்கரம், ஒரு பிரேக் வட்டு, எஞ்சினிலிருந்து வந்து சேரும் செயின், அவ்வளவுதான். நான்கு சக்கர இழுவை கொண்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்த அச்சே இருக்காது. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனிக் கையில் தொங்கும். நடுவில் ஒரு பல்சக்கரப் பெட்டியும், அதிலிருந்து இருபுறமும் போகும் ரப்பர் உறை போட்ட ஷாஃப்ட்டுகளும் தெரியும். முன்பக்கமும் அதே கதைதான்.

காட்டுப் பாதையில் இந்த இரண்டு வண்டிகளும் இரண்டு வேறு பிராணிகள்போல நடந்துகொள்வதற்குப் பெரும்பாலான காரணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரே அச்சு என்றால் இரண்டு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். நேர்ப்பாதையில் இதனால் தொல்லை இல்லை. வளைவில்தான் சிக்கல். உட்பக்கச் சக்கரம் 3 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, சக்கரங்களுக்கு இடையே 80 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். கால்வட்டம் திரும்பி முடிப்பதற்குள் உட்பக்கச் சக்கரம் ஏறத்தாழ 4.7 மீட்டர் போகும். வெளிப்பக்கச் சக்கரம் 6 மீட்டர் போயாக வேண்டும். கூடுதலான அந்த 1.3 மீட்டரை யார் ஈடுகட்டுவது? ஏதோ ஒரு சக்கரம் வழுக்கித்தான் ஆக வேண்டும். எது வழுக்க வேண்டும் என்று வண்டியே முடிவு செய்தால், இரண்டும் பிடிவாதம் பிடித்து, ஹேண்டில்பாரைத் திருப்பிய பிறகும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். பழகியவர் அந்த முடிவை வண்டியிடம் விடமாட்டார். உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து, காலின் பலத்தை வெளிப்பக்கக் கால்மிதியில் ஊன்றுவார். உட்பக்கச் சக்கரத்தின் மேல் சுமை குறையும், அது லேசாக வழுக்கும், வண்டி திரும்பும். இன்னும் வேகமாகப் போகிறவர்கள் த்ராட்டிலை அழுத்திப் பின்பக்கத்தையே சறுக்கவிட்டுத் திருப்புவார்கள்.

அதாவது ஸ்போர்ட் வண்டியில் ஓட்டுபவரின் உடலும் இயந்திரத்தின் ஒரு பாகம். இது வெறும் பேச்சு அல்ல, கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஸ்போர்ட் வண்டி சுமார் 190 கிலோ. நான்கு சக்கர இழுவை வண்டி 320 கிலோவிலிருந்து 370 கிலோ வரை இருக்கும். 340 என்று எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 70 கிலோ. முதல் வண்டியில் மொத்த எடையில் அவர் பங்கு 27 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். அவர் தன் உடலை 30 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், முதலாவதில் மொத்த ஈர்ப்பு மையமும் 8 செ.மீ. நகரும், இரண்டாவதில் 5 செ.மீ. மட்டுமே. கனமான வண்டியில் ஏறியவுடன் ‘சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறதே’ என்று தோன்றுவதற்கு இந்த 3 செ.மீ. ஒரு முக்கியக் காரணம்.

பிறகு எதற்கு அந்த எடையைச் சுமக்க வேண்டும்? ஏற்றத்தில் பதில் கிடைக்கும். ஒரு சக்கரம் மண்ணை எவ்வளவு பலமாகத் தள்ள முடியும் என்பது, அதன் மேல் அழுந்தும் சுமையையும் மண்ணின் உராய்வுக் குணகத்தையும் பெருக்கினால் வருவது. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டதாக இருந்தாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது. மிச்சமெல்லாம் மண்ணை வாரி இறைக்கத்தான் பயன்படும். உதிரி மண்ணில் அந்தக் குணகம் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் தள்ளினால் முழு எடையும் பிடிப்பாக மாறும், 26 டிகிரி சரிவு வரை ஏறலாம். பின்சக்கரங்கள் மட்டும் தள்ளினால், எடையில் 60 சதவீதம் அவற்றின் மேல் இருப்பதாகக் கொண்டால், 17 டிகிரிதான். ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சரிவதால் இது 20, 22 வரை உயரும். ஆனால் எடை பின்னால் போகப்போக முன்சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்பப் பார்க்கும். பிடிப்பைக் கூட்டும் அதே சரிவுதான் வண்டியைப் பின்புறமாகக் கவிழ்க்கவும் காத்திருக்கிறது.

நான்கு சக்கர இழுவையிலும் ஒரு ஓட்டை உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது வளைவில் இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு, இரண்டு பக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் அனுப்பும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. எனவே மண்ணில் ஊன்றி நிற்கும் மறுசக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லாத விசைதான் போய்ச் சேரும். இதைத் தீர்க்கத்தான் டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் வசதி. சில வண்டிகளில் பொத்தானை அழுத்திப் பூட்ட வேண்டும். சிலவற்றில் பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் முன்சக்கரங்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ‘நான்கு சக்கர இழுவை உண்டா’ என்பது மட்டுமல்ல, ‘முன்பக்கம் பூட்டுமா, எப்படிப் பூட்டும்’ என்பதும்தான். பூட்டிய முன்பக்கம் ஹேண்டில்பாரைக் கனமாக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்போர்ட் வண்டியின் ஒரே அச்சு பிறவியிலேயே பூட்டியது என்பது இங்கே வேடிக்கையான ஒற்றுமை.

வரலாற்றில் இந்தப் பிரிவு தாமதமாகத்தான் வந்தது. 1970-ல் ஹோண்டா கொண்டுவந்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள், ஆனால் பலூன் போன்ற டயர்கள். நான்கு சக்கர வண்டியைச் சுசுகி 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது; நான்கும் இழுக்கும் ஹோண்டா 1986-ல் வந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்வதாகப் புகார்கள் குவிய, 1988-ல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனை நின்றது.

மீண்டும் பின்னால் குனிந்து பார்ப்போம். ஸ்போர்ட் வண்டியில் தரைக்கு மிக நெருக்கமாக இருப்பது அந்தப் பல்சக்கரமும் பிரேக் வட்டும் உள்ள அச்சுப் பகுதி; தரையிலிருந்து சுமார் 11 செ.மீ. நான்கு சக்கர இழுவை வண்டியின் அடிப்பகுதி 28, 29 செ.மீ. உயரத்தில் இருக்கும். பெரிய வாகனங்கள் போய்ப் பள்ளம் பறித்த பாதையில், இரு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு மண் மேடு நிற்கும். ஸ்போர்ட் வண்டியின் சக்கரங்கள் அந்தப் பள்ளங்களில் இறங்கியதும் மேடு அச்சைத் தொடும். முதலில் ‘கிர்ர்’ என்று ஓர் உரசல், பிறகு செயினுக்குள் கூழாங்கல், பிறகு அமைதி. வண்டி வயிற்றின்மேல் உட்கார்ந்திருக்கும், சக்கரங்கள் சும்மா சுற்றும். அந்த நேரத்தில் எந்தத் திறமையும் உதவாது. இறங்கித் தூக்க வேண்டியதுதான். நல்லவேளை, 190 கிலோவின் பின்பக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். அதையே 340 கிலோ வண்டியில் முயன்று பார்க்காதீர்கள். அது சிக்குவது அரிது. ஆனால் சிக்கினால், ஸ்போர்ட் வண்டி எட்டிப் பார்க்கவே முடியாத ஓர் இடத்தில் போய்ச் சிக்கும். அதனால்தான் பலர் அதன் முன்னால் இழுவைக் கம்பி சுற்றிய வின்ச்சை மாட்டிக்கொள்கிறார்கள்.

மெதுவாக ஊர்ந்து போகும் பாதையில் இன்னொரு வேறுபாடு கையில் தெரியும். ஸ்போர்ட் வண்டியில் கிளட்ச்சும் கியரும் உங்கள் பொறுப்பு. பாறைகளுக்கு இடையே முதல் கியர்கூட வேகமாக இருக்கும். அரை கிளட்ச்சில் தவழ்ந்தால் இடது கை வலிக்கும், கிளட்ச் தகடுகள் சூடேறும். மற்றதில் பெரும்பாலும் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும்தான் வேலை செய்கின்றன. எஞ்சின் வேகம் கூடக்கூடச் சிறு எடைகள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு முதல் கப்பியை இறுக்கும், பெல்ட் மேலேறும், விகிதம் தானாக மாறும். கூடவே தாழ்வேக கியர் ஒன்றும் இருக்கும். சரிவில் இறங்கும்போது எஞ்சினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் போவது பெரிய நிம்மதி. பெல்ட்டின் பலவீனம் தண்ணீர்: அது இருக்கும் பெட்டிக்குள் நீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஸ்போர்ட் வண்டியை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டால், காய்ந்த, அகலமான, வளைந்து நெளிந்து போகும் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்பேன். எடை குறைவு, தாழ்ந்த ஈர்ப்பு மையம், வேகமாக வரும் மேடுபள்ளங்களை வாங்கிக்கொள்ளும் நீண்ட சஸ்பென்ஷன். இந்தச் சுகத்தைக் கனமான வண்டியால் தர முடியாது. என் கணிப்பு இதுதான்: நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையின் மிகச் சிறந்த பத்து கிலோமீட்டரை மறந்துவிட்டு, மிக மோசமான நூறு மீட்டரை நினைத்துப் பாருங்கள். அந்த நூறு மீட்டரை ஸ்போர்ட் வண்டி தாண்டுமென்றால் அதையே எடுங்கள். தாண்டாதென்றால், அல்லது மூட்டைமுடிச்சோடு தனியாகப் போகிறவராக இருந்தால், நான்கும் இழுப்பதே சரி.

எதை எடுத்தாலும் குறைந்த அழுத்தத்தை அளக்கும் டயர் மானி ஒன்றைக் கூடவே வாங்குங்கள். காருக்கு 32 பி.எஸ்.ஐ. என்றால் இவற்றுக்கு 4 முதல் 7 வரைதான். கார் மானியில் முள் எழுந்திருக்கவே யோசிக்கும். அந்த மெல்லிய அழுத்தத்தால்தான் இந்த டயர்கள் ஒற்றைக் காலில் நிற்கும் மனிதரைவிட மென்மையாக மண்ணில் அழுந்துகின்றன. இதில் ஒரு பக்கம் ஒரே ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தாலும் அந்த டயர் சற்றே குட்டையாகிவிடும். ஒரே அச்சில் கோத்த ஸ்போர்ட் வண்டி அதை உடனே காட்டிக்கொடுக்கும்: நேர்ப்பாதையில்கூட அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும்.