ஊதா ஆர்க்கிட் படத்தில் ஏன் தட்டையாகிறது?

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில், மலைக்காட்டு ஆர்க்கிட்களுக்கென்று குளிரூட்டிய கண்ணாடிக்கூடம் ஒன்று உண்டு. அங்கிருந்து வெளியே வந்ததும் கேமராவைத் தூக்கினால் எல்லாம் பாலாகத் தெரியும். லென்ஸ் கெட்டுவிடவில்லை. அந்த ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் அது நீராகப் படிந்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்கிறதே, அதே கதைதான். துடைத்தால் மறுபடி படியும். உள்ளேயே ஜிப் கவரில் போட்டு மூடி, வெளியே வந்து சூடேறும்வரை பொறுத்திருப்பதுதான் வழி.

வெளியே வெயிலில் வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட். ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மேனியப் பெண்மணியின் கைவண்ணம். 1893இல் உலகுக்கு அறிமுகமான கலப்பினம், 1981 முதல் சிங்கப்பூரின் தேசிய மலர். நேரில் பார்த்தால் ரோஜா கலந்த ஊதாவில் மெல்லிய நரம்புகள் தெரியும். படத்திலோ பெயிண்ட் அடித்த தகடு! காரணம் கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு நான்கு புள்ளியிலும் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. வெளிச்சத்தை அளக்கும்போதும் பச்சைக்கே மதிப்பு அதிகம். இந்தப் பூ பச்சையை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் நீலத்தையும் திருப்பி அனுப்புகிறது. ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்ட, சிவப்பு நிரம்பி வழிந்து நரம்புகள் அழிந்துபோகின்றன. வெளிச்சத்தை அரை ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகக் குறைத்து (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) எடுத்துப் பாருங்கள், நரம்புகள் திரும்பி வரும்.

கூர்மைதான் பெரிய தலைவலி. பூவின் அகலம் ஏறக்குறைய 5 செ.மீ. முழு ஃபிரேம் கேமராவில் (சென்சர் 36 x 24 மி.மீ.) அதைச் சட்டம் நிறைய எடுத்தால், சென்சரில் விழும் பிம்பம் பூவில் பாதி அளவு. லென்ஸின் எஃப் 8 துளையில் (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) தெளிவாக விழும் ஆழம் 3 மி.மீ.கூட இல்லை. உதட்டிதழின் நுனிக்கும் பின்னிதழ்களுக்கும் நடுவே அதைப்போலப் பல மடங்கு இடைவெளி! சரி, எஃப் 16க்குச் சுருக்கலாமே? ஆழம் இரண்டு மடங்காகும். ஆனால் சின்னத் துளையில் நுழையும் ஒளி விரிந்து, ஒவ்வொரு புள்ளியும் 0.03 மி.மீ. வட்டமாகிவிடும். சென்சரின் ஒரு புள்ளியைவிட அது ஐந்தாறு மடங்கு அகலம். பூ முழுக்கத் தெரியும், எதுவுமே கூர்மையாக இருக்காது. எனக்கு எஃப் 11 போதும். ஃபோகஸ் பூவின் நடுத்தூணில், அதாவது ஆண், பெண் உறுப்புகள் ஒன்றாக இணைந்த நடுப்பகுதியில்.

ஃபோகஸை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து ஒன்றாக அடுக்கும் வித்தையும் உண்டு. ஆனால் வாண்டாவின் நீண்ட பூந்தண்டு மூச்சுக்காற்றுக்கே ஆடும். என் மெமரி கார்டில் பாதி, ஏழாவது படத்தில் ஆடிப்போன அடுக்குகள்தான்.