பூச்சியா, பீடையா? ‘பெஸ்ட்’ (pest) என்ற சொல்லின் கதை

எங்கள் அடுக்ககத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் அறிவிப்பு வரும்: “ஞாயிறு காலை பெஸ்ட் கண்ட்ரோல். பாத்திரங்களை மூடி வைக்கவும்.” மேல்மாடித் தாத்தா அதையே பேரனிடம் “பூச்சி மருந்து அடிக்க வர்றாங்க” என்பார். ஆள் வருவார், அடிப்பார், வாடை இரண்டு நாள் நிற்கும். அப்புறம் கரப்பான் திரும்பி வரும்.

‘பூச்சி மருந்து’ என்பதே வேடிக்கையான சொல்தான். மருந்துக்கடையில் கேட்டால் குழந்தையின் வயிற்றுப் புழுவுக்கு மாத்திரை கொடுப்பார்கள். உரக்கடையில் கேட்டால் செடிக்கு அடிக்கும் நஞ்சைக் கொடுப்பார்கள். மருந்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால்தானோ என்னவோ, ‘எதற்கும் இன்னொரு மூடி’ என்று தாராளமாக ஊற்றுகிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு மாற்றாக வந்ததுதான் ‘இன்டகிரேட்டட் பெஸ்ட் மேனேஜ்மென்ட்’, சுருக்கமாக ஐபிஎம். நஞ்சை மட்டும் நம்பாமல் மற்ற வழிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் முறை. தமிழ்நாட்டில் இதை ‘ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை’ என்கிறோம். இலங்கைத் தமிழில் ‘ஒருங்கிணைந்த பீடை முகாமைத்துவம்’. எனக்கு இலங்கைக்காரர்கள் பக்கமே மனம் சாய்கிறது. ‘முகாமைத்துவம்’ நமக்குப் பழக்கமில்லை, அது போகட்டும். ‘பீடை’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் சொல்கிறேன்.

‘பெஸ்ட்’ என்பதன் வேர் லத்தீனின் ‘பெஸ்டிஸ்’. கொள்ளைநோய் என்று பொருள். பிரெஞ்சில் ‘பெஸ்ட்’ என்றாலும் ஜெர்மனில் ‘பெஸ்ட்’ என்றாலும் இன்றும் பிளேக்தான். ஆங்கிலத்துக்குள்ளும் நோயாகத்தான் நுழைந்தது. பிறகு தொல்லை தரும் ஆளைக் குறித்தது, பயிரையும் வீட்டையும் கெடுக்கும் உயிரைக் குறித்தது. ஆறு கால் இருக்க வேண்டும் என்று அந்தச் சொல் எங்குமே சொல்லவில்லை. எலி, நத்தை, கோரைப்புல், பூஞ்சணம் எல்லாம் அதில் அடக்கம்.

‘பீடை’ வடமொழிப் ‘பீடா’விலிருந்து வந்தது. அழுத்துவது, வருத்துவது என்ற வினையடியில் பிறந்து துன்பம் என்று பொருள் கொண்டது. லத்தீன் சொல்லுக்கும் இதற்கும் உறவு கிடையாது, ஆனால் இரண்டும் நடந்த பாதை ஒன்றுதான். ஆங்கிலத்தில் நச்சரிக்கும் ஆளை ‘பெஸ்ட்’ என்பார்கள். நம் வீடுகளில் ‘பீடை, தள்ளிப்போ’ என்பார்கள். இரண்டுமே ஓர் உயிரின் இனத்தைச் சொல்லவில்லை, அது நமக்குத் தரும் துன்பத்தைத்தான் சொல்கின்றன. பட்டுப்போன மரத்தைத் தின்னும் கரையான் தன் பாட்டுக்கு மண்ணை வளமாக்குகிறது. அதே கரையான் வாசல் நிலையில் ஏறினால் பீடை.

‘பூச்சி’ அப்படியல்ல. அது உயிரின் பெயர். பீடைக்குப் பதிலாகப் பூச்சியை வைத்தால், எலியும் களையும் வெளியே நிற்கும், ஒரு குற்றமும் செய்யாத பொறிவண்டும் தேனீயும் உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும். 1968-ஆம் ஆண்டின் இந்தியப் பூச்சிக்கொல்லிகள் சட்டம்கூடக் களைக்கொல்லியையும் பூஞ்சணக்கொல்லியையும் சேர்த்துப் பூச்சிக்கொல்லி என்ற ஒரே தலைப்பில்தான் வைத்திருக்கிறது. சட்டத்துக்கு அது வசதியாக இருக்கலாம். மாடித் தோட்டத்தில் அந்தக் குழப்பத்துக்கு விலை உண்டு.

நானே கொடுத்திருக்கிறேன். செம்பருத்தியில் மாவுப்பூச்சி, தண்டெல்லாம் வெள்ளை. நடுவில் கொஞ்சம் பெரிதாக, மெழுகு இழைகள் தொங்க ஊர்ந்துகொண்டிருந்தவற்றைத் தாய்ப்பூச்சிகள் என்று நினைத்து முதலில் அவற்றைத்தான் குறிவைத்து அடித்தேன். அவை கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மாவுப்பூச்சியைத் தின்பதுதான் அவற்றின் வேலை, தோற்றமும் அதே வெள்ளைதான். அந்த வண்டை 1898-இலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் இங்கே குடியிருக்கும் காவல்காரனை, ‘பூச்சி’ என்ற ஒரே சொல்லை நம்பித் தீர்த்துக்கட்டியிருக்கிறேன்.

கோயம்புத்தூரில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி அங்கே முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று பரவியது. எந்த மருந்துக்கும் சரியாக அடங்கவில்லை. உடம்பு முழுக்க மெழுகு. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குத் தெரிவதே கடினமான குளவி, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அடக்கியது. அதுவும் ஒரு பூச்சிதான்.

‘இன்டகிரேட்டட்’ என்ற அடையும், பூச்சியை வைத்தே பூச்சியை அடக்கும் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகிறது. 1959-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் ‘ஒருங்கிணைந்த கட்டுப்பாடு’ என்ற கருத்தைத் தெளிவாக வகுத்தார்கள். குதிரைமசால் என்ற தீவனப் பயிரைத் தாக்கிய அசுவினிப் பூச்சிதான் அவர்களின் பாடம். அவர்கள் இணைக்கச் சொன்னது இரண்டை: பீடையின் இயற்கை எதிரிகளையும் நஞ்சையும். எதிரிகள் பிழைத்திருக்கும்படி நஞ்சைக் குறைத்துப் பயன்படுத்து, அதுவும் சேதம் ஓர் எல்லையை நெருங்கும்போது மட்டும். அந்த எல்லையை நம் வேளாண்துறை ‘பொருளாதாரச் சேதநிலை’ என்கிறது.

வீட்டுக்கு இந்த எல்லை அப்படியே பொருந்தாது. செம்பருத்தியில் யாருக்கு என்ன நட்டம்? 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத் தெருமரங்களில் இந்த முறையைச் செய்துகாட்டிய பூச்சியியலாளர் வில்லியம் ஒல்கோவ்ஸ்கி அதற்காகவே வேறோர் அளவைச் சொன்னார். கண்ணுக்கு எவ்வளவு கெட்டால் பொறுக்க முடியாது என்பது அந்த அளவு. தமிழில் ‘அழகுச் சேதநிலை’ எனலாம். நாலு இலை சுருண்டால் சிலர் செடியையே பிடுங்குவார்கள், சிலருக்கு அது கண்ணிலேயே படாது. கொசுவிடம் மட்டும் இந்தப் பெருந்தன்மை கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைக்க ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், தொட்டியடித் தட்டையும் குளிர்பெட்டிப் பின்தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. புல்தரையில் கோரை வந்தால் பிடுங்கிப் பயனில்லை, கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும். புல்லை ஒட்ட வெட்டாமல், ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் அடர்த்தியாக வைத்திருந்தால் புதுக் களை முளைக்க வெயில் கிடைக்காது.

கடைசியில் ‘மேனேஜ்மென்ட்’. லத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. இத்தாலியில் அதிலிருந்து பிறந்த வினை, குதிரையைக் கையாண்டு பழக்குவதைச் சொன்னது. தமிழில் அதற்குக் ‘கையாளுதல்’ என்று கையோடு ஒரு சொல் ஏற்கனவே இருக்கிறது. பலர் எழுதுவதுபோல் ‘ஒழிப்பு’ என்று போடுவது மட்டும் தவறு. குதிரையை யாரும் ஒழிப்பதில்லை, வழிக்குத்தான் கொண்டுவருகிறோம்.

ஆக, எழுத்தில் ‘ஒருங்கிணைந்த பீடை மேலாண்மை’, பேச்சில் ‘பீடை கையாளுதல்’ என்பது என் பரிந்துரை. தமிழ்நாட்டில் ‘பீடை’ வசைச்சொல்லாயிற்றே என்று தயங்குவார்கள். இரவு பன்னிரண்டு மணிக்குச் சமையலறை விளக்கைப் போட்டுக் கரப்பானைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வராது. சென்ற முறை அறிவிப்பு வந்தபோது, தொட்டிக் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, அடிக்க வந்தவரிடம் தெளிப்பான் வேண்டாம், அடுப்புக்குப் பின்னால் நாலு பொட்டு பசை போன்ற நச்சு இரை மட்டும் வையுங்கள் என்றேன். “அப்போ மருந்து அடிக்க வேணாமா சார்?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.