ட்ரோன் இறங்கிய பிறகு அந்த வீடியோ எங்கே போகிறது?

ஆடி மாதம் முடிந்த கையோடு, சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் பக்கத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "ஏனுங்க வக்கீலய்யா, நம்ம மாடிக்கு மேல போலீஸ்காரங்க ஹெலிகேம் உட்டுப் படம் எடுத்தா, அதுக்குக் கேஸ் போட முடியுமுங்களா?" குகை பகுதியின் வண்டி வேடிக்கைத் திருவிழாவுக்கும் கோட்டை மாரியம்மன் கோவில் கூட்டத்துக்கும் பந்தோபஸ்து என்றால் ட்ரோனும் சேர்த்துத்தான் என்று ஆகிவிட்டது. கல்யாண வீட்டு ஹெலிகேமைப் பார்த்துக் கை ஆட்டுகிற அதே ஆட்கள், போலீஸ் ட்ரோன் என்றதும் கொடியில் காயும் துணியை எடுக்க மாடிக்கு ஓடுகிறார்கள்.

பறந்ததற்காக மட்டும் கேஸ் போட்டு ஜெயிப்பது கஷ்டம். எடுத்த படத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் நமக்குப் பிடி இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

முதலில் வேண்டாத பயத்தைக் கழித்துவிடலாம். வெப்பத்தைப் படம் பிடிக்கும் தெர்மல் கேமரா இருந்தால் சுவருக்குள்ளே தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. சுவரின் வெளிப்பரப்புச் சூடுதான் அதில் பதியும்; சாதாரண ஜன்னல் கண்ணாடியைக்கூட அது தாண்டாது. பேச்சை ஒட்டுக் கேட்குமா என்றால், விசிறி போடும் சத்தத்தில் கீழே பேசுவது எதுவும் உருப்படியாகப் பதியாது; சிறிய ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் மைக்கே கிடையாது. ஒரு பேட்டரிக்கு அரை மணி, முக்கால் மணி தாங்கினால் பெரிது. நாள் முழுக்க நம் தலைக்கு மேலேயே நிற்கவும் முடியாது.

பயப்பட வேண்டியது வேறு. ஒரு திருவிழா பந்தோபஸ்தின்போது, பழக்கமான சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் ரிமோட்டில் இருந்த திரையை எனக்குக் காட்டினார். வெயில் கண்ணைக் கூசியதால் ஒரு கான்ஸ்டபிள் மேலே குடை பிடித்திருந்தார். கூட்டம் கேழ்வரகு கொட்டிக் கிடப்பதுபோல் தெரிந்தது. ஒரு சந்து முனையில் நெரிசலா என்று பார்க்க விரலால் பெரிதாக்கினார். சந்தோடு சேர்ந்து பக்கத்து மாடியும் உள்ளே வந்தது: மூடி நழுவிய தண்ணீர்த் தொட்டி, கைலியோடு கண்ணாடி பார்த்துச் சவரம் செய்கிற ஒருவர், தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்துகிற ஒரு பெண். ட்ரோன் ஓட்டியவர் அந்தப் பெண்ணைப் பார்க்கவே இல்லை. அவர் கவனமெல்லாம் சந்தில்தான். திரை ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பார்க்காததையும் மெமரி கார்டு எடுத்துக்கொண்டது.

நெரிசலைக் கண்டுபிடிக்க, ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மண் சரிந்தால் பார்க்க, காட்டில் வழி தப்பியவரைத் தேட, ட்ரோனைப்போல உதவுகிற கருவி போலீஸிடம் வேறில்லை. 2023-ல் சென்னை அடையாறில் காவல்துறைக்கென்றே ட்ரோன் பிரிவு தொடங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். கேமராவை மேலே அனுப்பியவர்கள் அது கொண்டுவந்ததைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் குறை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், ட்ரோன் விதிகள் 2021 அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தன. எடையை வைத்து வகை பிரித்தார்கள்: 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, இப்படி. பச்சை மண்டலத்தில், அதாவது தடையில்லாத வான்வெளியில், 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுவட்டத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. காமலாபுரம், ஓமலூர் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இதை மறந்துவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள். எல்லாமே வான்வெளிப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு. அதே ஆண்டு மார்ச்சில் வந்த முந்தைய விதிகளிலாவது, தனிமனிதரின் தனியுரிமையைக் காத்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது. ஆகஸ்டில் தொழிலை எளிமையாக்குகிறோம் என்று விதிகளை மாற்றியபோது அதுவும் போய்விட்டது.

ஆக, நம் கையில் இருப்பது அரசியல் சாசனம்தான். 1962-ல் கரக் சிங் வழக்கில், போலீஸ் ராத்திரியில் ஒருவர் வீட்டுக்கு வந்து இருக்கிறாரா என்று பார்ப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தனியுரிமை என்று ஓர் உரிமை இருப்பதாக அன்று ஒப்புக்கொள்ளவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமனதாக அதைத் திருத்தி, தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் தலையிட வேண்டுமென்றால் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நியாயமான காரணம் இருக்க வேண்டும், காரணத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது. போலீஸ் ட்ரோன் பெரும்பாலும் தடுக்கி விழுவது முதல் படியிலேயே. எவ்வளவு நேரம் பறக்கலாம், எதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், பதிவை எத்தனை நாள் வைக்கலாம் என்று சொல்ல நம் மாநிலத்தில் தனிச் சட்டம் கிடையாது.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். வந்த பிறகும், குற்றத்தைத் தடுக்க, கண்டுபிடிக்க, விசாரிக்க என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு. தரவைப் பத்திரமாக வைக்க வேண்டிய பொறுப்பு மட்டும் அந்த விலக்கிலும் தப்பி நிற்கிறது. அதுவே நமக்குப் பெரிய பிடி என்பேன்.

இந்த இடத்தில் ஏற்காட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும். மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எல்லா வீடும் ஒன்றல்ல. ஃபேர்லண்ட்ஸில் ஏசி போட்ட அறையில் இருப்பவருக்கு ட்ரோனால் பெரிய நஷ்டமில்லை. அவர் வாழ்க்கை மொத்தமும் கான்கிரீட் தளத்துக்குக் கீழே நடக்கிறது. காபி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியா? மூன்று பக்கம் தகரம், முன்னால் ஒரு சாக்குப் படுதா, தலைக்கு மேலே வானம். அதுதான் குளியலறை. தெருவில் போகிறவர் கண்ணுக்கு மறைவாக இருந்தால் போதும் என்று கட்டியது அது. மேலே இருந்தும் ஒருவர் பார்ப்பார் என்று கட்டியவர் நினைத்திருக்க முடியாது. மே மாதக் கோடை விழா சமயத்தில், சுற்றுலா வந்தவர்கள் லேடீஸ் சீட்டிலிருந்தும் பகோடா பாயிண்டிலிருந்தும் பறக்கவிடுகிற ட்ரோன் வேறு. எது போலீஸுடையது, எது ஊர் சுற்ற வந்தவருடையது என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? "சத்தம் கேட்டா உள்ள போயிருவோம் சார், பாதிக் குளியல்ல சோப்போட நிக்கிறதுதான்" என்று ஒரு தோட்டத் தொழிலாளி அம்மா என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அரசாங்கக் கேமரா தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகம் சாட்சி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வு அது. புலிகளைக் கணக்கெடுக்க மரத்தில் கட்டிய கேமராவில், காட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் விழுந்திருக்கிறது. அங்கே தற்காலிக வேலையில் இருந்த இளைஞர்கள் அதை உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிட்டார்கள். விறகு பொறுக்கப் போன பெண்களை விரட்ட அவர்கள் தலைக்கு மேலே ட்ரோன் ஓட்டியதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கேமராவைக் கட்டியவர்கள் தேடியது புலியை. படம் போய்ச் சேர்ந்தது எங்கே, பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் ட்ரோனைக் கண்டு கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்களின் வீடியோ ஞாபகம் இருக்கும். கேரளப் போலீஸ் தங்கள் ட்ரோன் வீடியோவுக்குக் கிரிக்கெட் வர்ணனை சேர்த்து வெளியிட்டதும் அந்தச் சமயம்தான். நாடே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால் உறுத்துகிறது. ஓடியவர் ஊரடங்கை மீறியிருந்தால் அபராதம் போடலாம், வழக்குப் போடலாம். ஊர் சிரிக்க வைப்பது எந்தச் சட்டத்தில் தண்டனையாக இருக்கிறது? பொது இடத்தில் இருந்தால் தனியுரிமை கிடையாது என்று சில அதிகாரிகள் வாதிடுவார்கள். புட்டசாமி தீர்ப்பு இதற்கு நேராகவே பதில் சொல்கிறது: பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தனியுரிமையை மொத்தமாக இழந்துவிடுவதில்லை.

போலீஸ் கம்ப்யூட்டரில் இருந்தால் பத்திரம்தானே என்பவர்களுக்கு ஒன்று. 2024 மே மாதம், நம் மாநிலக் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே வெளியாள் நுழைந்த செய்தி வந்தது. யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டு களவு போனதுதான் வழி என்றார்கள். ஒரு பாஸ்வேர்டுக்கே இந்தக் கதி என்றால், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற மெமரி கார்டை என்னவென்று சொல்வது? காவல் நிலைய சிசிடிவி பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைக்க வேண்டும் என்று 2020-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ட்ரோன் பதிவுக்கு அப்படியொரு கெடு இல்லை. நெரிசலைப் பார்க்க எடுத்த படம், அசம்பாவிதம் எதுவும் நடக்காவிட்டால் சில வாரங்களில் அழிக்கப்பட வேண்டும். ஏதாவது நடந்திருந்தால் ஒரு நொடிகூட வெட்டாமல் வைக்கப்பட வேண்டும். இது என் கருத்து, சட்டமல்ல.

சரி, உங்கள் மாடிக்கு மேலே ஒன்று வந்து நிற்கிறது, என்ன செய்வது? கல்லை எடுக்காதீர்கள், உண்டிவில்லும் வேண்டாம். போலீஸ் ட்ரோன் விழுந்தால் பொதுச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்கு வரும், ஜாமீனே இழுபறியாகும். தேதி, நேரம், எந்தத் திசையிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதி வையுங்கள். முடிந்தால் உங்கள் போனில் அதைப் படம் எடுங்கள். அப்புறம் காவல் நிலையத்துக்கு போன் செய்து உங்களுடையதா என்று கேளுங்கள். என்னிடம் வந்த புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் போலீஸ் ட்ரோனே இல்லை. பக்கத்துத் தெருப் பையன் புதிதாக வாங்கியது, அல்லது ரியல் எஸ்டேட் ஆட்கள் மனையைப் படம் எடுப்பது.

தனியார் என்றால் வழி நேரானது. குளிப்பது, உடை மாற்றுவது போன்ற சமயத்தில் ஒரு பெண்ணைப் படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம், 77-வது பிரிவு. முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பலருக்குத் தெரியாத விஷயம், 77-வது பிரிவு சீருடைக்காரருக்கும் பொருந்தும். கடமை நேரத்தில் செய்த செயலுக்கு அரசின் முன் அனுமதி வாங்கித்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற கவசம் இந்தக் குற்றத்துக்குக் கிடையாது. சட்டமே அதைத் தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது.

ட்ரோன் வீடியோவை வைத்து உங்கள் மேலேயே வழக்கு வந்தால், கொடுக்கிற துண்டு வீடியோவோடு திருப்திப்படாதீர்கள். தேர்த் தகராறு ஒன்றில் என் கட்சிக்காரர் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுகிற சில நொடிகள் மட்டும் பென்டிரைவில் வந்தன. முழுப் பதிவையும் கேட்டு வாங்கிப் பார்த்தால், கீழே விழுந்த தன் அப்பாவைத் தூக்கத்தான் ஓடியிருக்கிறார். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் வேண்டும். அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மெமரி கார்டில் இருப்பதும் ஆவணம்தான், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் பெற உரிமை உண்டு என்று கேரளத்தில் நடிகை தாக்கப்பட்ட வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் அதில் இருந்தால் மட்டும் நகல் தராமல், பார்வையிட அனுமதிக்கலாம்.

வழக்கு எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம், ஏற்காடு என்றால் மாவட்ட எஸ்.பி. அலுவலகம்; பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டுங்கள். "அன்றைக்கு எடுத்த வீடியோவைத் தரவும்" என்று கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ட்ரோன் பறந்ததற்குப் பதிவேடு இருக்கிறதா, எந்த ஆணையின்படி பறந்தது, பதிவுகள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன, அழிப்பதற்கு யார் கையெழுத்து, வெளியே பகிர அனுமதி தருவது யார் என்று கேளுங்கள். இதில் விசாரணை ரகசியம் எதுவும் இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, "அப்படி ஆவணம் ஏதும் இல்லை" என்று ஒற்றை வரியில் வந்தாலோ முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அந்த ஒற்றை வரிப் பதிலைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். விதிமுறையே இல்லாமல்தான் பறக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்த காகிதம் அது; ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவில் அதுதான் முதல் இணைப்பு.