ராணுவ ஆராய்ச்சி மானியம்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

"ஒன்றரைக் கோடி ரூபாய் அரசு மானியம், திருப்பிக் கட்ட வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அதை நம்பி, கையில் இருந்த ஆர்டரை ஒதுக்கிவிட்டு ராணுவத்துக்கு ஏதாவது செய்து காட்டக் கிளம்பிய பட்டறைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை தெரிந்தவர்கள்தான். காகிதத்திலும் காத்திருப்பிலும் அடிபட்டார்கள். மானியம் பொய்யில்லை. அதற்குப் போகும் வழியில் எங்கே பள்ளம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் திட்டங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம் 2018 ஏப்ரலில் சென்னை அருகே நடந்த டெஃப்எக்ஸ்போ என்ற ராணுவத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. படைகள் தங்களுக்கு வேண்டியதை ஒரு சவாலாக அறிவிக்கும். அதற்கு மாதிரிக் கருவி செய்பவருக்கு ரூ. 1.5 கோடி வரை கிடைக்கும். ஐடெக்ஸ் பிரைம் என்றால் ரூ. 10 கோடி வரை, 2024-ல் வந்த அதிதி என்றால் ரூ. 25 கோடி வரை. இன்னொரு வழி, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ நடத்தும் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி, அதாவது டிடிஎஃப். அதில் ஒரு திட்டத்துக்கு ரூ. 50 கோடி வரை, மொத்தச் செலவில் 90 சதவீதம் வரை தருவார்கள். மற்ற வரலாற்றை அமைச்சர்களின் உரைகளில் படித்துக்கொள்ளலாம்.

இனி பள்ளங்களுக்கு வருவோம். முதல் பள்ளம் உங்கள் நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கிறது. இருபது வருடமாக லேத்தும் மில்லிங்கும் ஓட்டும் பட்டறைகளில் பெரும்பாலானவை புரொப்ரைட்டர்ஷிப், அதாவது ஒரே ஆளின் சொந்தப் பெயரில் நடப்பவை. ஐடெக்ஸ் கேட்பது மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறையான டிபிஐஐடி அங்கீகரித்த ஸ்டார்ட்அப், அல்லது கம்பெனிகள் சட்டப்படி பதிவான சிறு, குறு, நடுத்தர நிறுவனம் (எம்எஸ்எம்இ). சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சான்று கையில் இருக்கிறதே என்று புரொப்ரைட்டர் நினைப்பார். அந்தச் சான்று அவருடைய சொந்த பான் எண்ணில் எடுத்தது. சரி என்று பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தால் அதற்குப் புது பான் வரும், பழைய உத்யம் எண் அதில் ஒட்டாது. புதிதாகப் பதிய வேண்டும். புதுக் கம்பெனி, பழைய உத்யம் என்று போட்டு அனுப்பினால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. மகன் பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி, அப்பாவின் பட்டறை இயந்திரங்களை அதற்கு மாற்றி, ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வாங்கிவிடலாம் என்று சில ஆலோசகர்கள் யோசனை சொல்வார்கள். ஏற்கெனவே இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான நிறுவனம் ஸ்டார்ட்அப் ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. அந்த வழியில் போய் மாட்டிக்கொள்வதைவிட, நேராக எம்எஸ்எம்இ கம்பெனியாக வருவது நல்லது. அதற்கு ஸ்டார்ட்அப் சான்று தேவையில்லை. இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்லாமலே கட்டணம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். உத்யம் பதிவும் டிபிஐஐடி அங்கீகாரமும் இலவசம். அதற்கென்று அரசுக் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

டிடிஎஃப் பக்கம் போகிறவர்கள் பங்குதாரர் பட்டியலையும் பார்க்க வேண்டும். நிறுவனம் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களின் உடைமையிலும் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. முதல் போட்ட மச்சான் அமெரிக்காவில் இருக்கிறார், பாதிக்கு மேல் பங்கு அவர் பெயரில் என்றால் உங்கள் ஆடிட்டரோடு முதலில் உட்காருங்கள்.

அடுத்தது, சவால் என்ன கேட்கிறது என்பது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் பொருளை அதற்குள் திணிக்கப் பார்ப்பதுதான் அதிகம் நடக்கிறது. தேர்வுக் குழுவில் சீருடை போட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எத்தனை டிகிரி குளிரில் ஓடும், எத்தனை கிலோ, களத்தில் யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கேட்பார்கள். சவாலோடு வரும் விவரத்தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உங்கள் எண்ணை எழுதிப் பாருங்கள். எங்கெங்கே ஒத்துவரவில்லையோ அங்கேதான் கேள்வி வரும். இந்த ஒத்திகைக்கு ஐடெக்ஸின் கூட்டாளி மையங்களைப் பயன்படுத்தலாம். கோவையில் தொழில் அமைப்பான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையமும், புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் ஃபோர்ஜும், சென்னையில் ஐஐடி மெட்ராஸும் இருக்கின்றன.

பணக் கணக்கில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஐடெக்ஸ் தருவது பாதி. ரூ. 1.5 கோடி மானியம் என்றால், நீங்களும் அதே அளவு போட வேண்டும். செய்தித்தாள் தலைப்பில் இது வராது. உங்கள் பங்கில் எதையெல்லாம் ஏற்பார்கள், பழைய இயந்திரத்தின் மதிப்பு சேருமா, உங்கள் இன்ஜினியரின் சம்பளம் சேருமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னவர் தணிக்கை வரும் அன்று அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

மானியம் மொத்தமாகவும் வராது. மைல்கல் மைல்கல்லாக வரும். ஒரு கட்டத்தை முடித்து, அறிக்கை கொடுத்து, குழு கூடிப் பார்த்து, ஒப்புதல் எழுதி, அதன்பின் அடுத்த தவணை. குழு கூடும் தேதி உங்கள் கையில் இல்லை. நடுவில் பயிற்சி முகாம் வரும், நிதியாண்டு முடிவு வரும், உங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நோடல் அதிகாரிக்கு போஸ்டிங் மாறும். புதியவர் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிப்பார். உங்கள் பட்டறை வாடகையும் சம்பளமும் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருக்காது. ஆகவே ஒரு மைல்கல்லின் முழுச் செலவையும் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுத்து மானியத் தவணையில் அடைத்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதிகாரி மாறும்போது இன்னொன்றும் நடக்கும். "இதில் இரவு நேரக் கேமராவும் இருந்தால் நல்லது" என்பார் புதியவர். நல்லதுதான், ஆனால் அது ஒப்பந்தத்தில் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தால் அடுத்த ஆய்வில் அது ஏன் இல்லை என்ற கேள்வி வரும், தவணை நிற்கும். ஒவ்வொரு கூட்டம் முடிந்த அன்றே, பேசியது இது, ஒப்புக்கொண்டது இது, ஒப்பந்தத்துக்கு வெளியே கேட்கப்பட்டது இது என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். யாருக்கும் பிடிக்காது. ஆனாலும் போடுங்கள். புது அதிகாரியின் கையில் கொடுக்க உங்களிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது.

கணக்கு வைப்பதிலும் கவனம் வேண்டும். இந்தத் திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். மற்ற வேலைக்கும் இதற்கும் சேர்த்து ஒரே பில்லில் அலுமினியம் வாங்கிவிட்டு, பாதி இதற்கு என்று பேனாவால் எழுதிக் காட்டினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார்.

சோதனைச் செலவை மறந்துவிட்டு பட்ஜெட் போடுவது எனக்குப் புரியாத வழக்கம். மேஜையில் ஓடும் கருவி ராணுவத்துக்குப் போதாது. வெப்பம், குளிர், அதிர்வு, தூசி, உப்புக்காற்று எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மின்னணுக் கருவிகளுக்கு, இதையெல்லாம் சோதிக்கும் ஜேஎஸ்எஸ் 55555 தரம் கேட்பார்கள். ஒரு கருவியின் மின் அலை இன்னொன்றைக் கெடுக்கும் மின்காந்தக் குறுக்கீட்டுக்கு மில்-எஸ்டிடி-461 தரம். பின்னதை முதல் முறையே தாண்டும் கருவி அபூர்வம். தோற்றால் கேபிளை மாற்றி, பெட்டியை மாற்றி, மறுபடி ஆய்வகத்தில் நாள் வாங்கி, மறுபடி கட்டணம். சென்னை தரமணியில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சமீர் மையத்தில் இந்தச் சோதனை வசதி உண்டு. டிசைன் வரையும்போதே அங்கே போய்க் கட்டணமும் காத்திருப்பும் எவ்வளவு என்று கேட்டு, இரண்டு சுற்றுக்கான பணத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேருங்கள். பிறகு கேட்டால் "ஒப்புதல் ஆன தொகையை மாற்ற இயலாது" என்ற ஒற்றை வரி பதில்தான் வரும்.

உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்பதும் அப்படித்தான். இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய பொருள் என்ற பிரிவில் படைகள் வாங்க, குறைந்தது 50 சதவீதம் உள்நாட்டுப் பொருள் இருக்க வேண்டும். சீன போர்டு, சீன ரேடியோ என்றால் பேச்சே இல்லை. 2025 தொடக்கத்தில், சீன உதிரிகள் இருந்ததால் 400 ட்ரோன்களுக்கான ராணுவ ஒப்பந்தங்கள் ரத்தாயின. மலிவாகக் கிடைக்கிறது என்று மாதிரிக்கு மட்டும் அதைப் போட்டுவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் உதவாது. மாற்றினால் சோதனை மறுபடி முதலிலிருந்து.

சரி, கருவி தேறிவிட்டது. இப்போது ஆர்டர் வருமா? மானிய ஒப்பந்தம் வேறு, கொள்முதல் ஆர்டர் வேறு. 2025 பிப்ரவரி வரையான அரசுக் கணக்கின்படி சுமார் 430 ஐடெக்ஸ் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன; படைகள் கொள்முதலுக்கு எடுத்தவை 43 பொருட்கள். இன்னும் செய்து முடிக்காதவையும் அந்த 430-ல் உண்டு என்பதை ஒப்புக்கொண்டாலும், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முதல் போடுங்கள். 2022-ல் நடைமுறையை எளிதாக்கி, சுமார் 22 வாரத்தில் கொள்முதல் ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். அந்த 22 வாரம், 'இந்தப் பொருள் தேவை' என்று அமைச்சகம் ஏற்பு அளித்த நாளிலிருந்து ஓடும். அந்த ஏற்புக்காகக் காத்திருக்கும் காலத்தை யாரும் எண்ணுவதில்லை. அதுவரை பட்டறை ஓட, அதே தொழில்நுட்பத்தைத் தனியார் தொழிற்சாலைக்கோ மருத்துவக் கருவிக்கோ விற்க முடியுமா என்று யோசித்து வையுங்கள். முடியாது என்றால் இந்த மானியம் உங்களுக்கு ஏற்றதா என்றே நான் கேட்பேன்.

தவணை தாமதமானால் எங்கே போய் முறையிடுவது? சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே என்று அதன்படி புகார் போடப் போகிறார்கள். அந்தச் சட்டம் நீங்கள் விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் வர வேண்டிய பாக்கிக்கு. மானியத் தவணை விற்பனைப் பாக்கி ஆகாது. பிறகு கொள்முதல் ஆர்டர் வந்து, சரக்கு கொடுத்து, பணம் வராவிட்டால் அந்தச் சட்டம் கைகொடுக்கும். தகவல் உரிமை மனுவும் எல்லா இடத்திலும் செல்லாது: டிடிஎஃப்பை நடத்தும் டிஆர்டிஓ, ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர மற்றவற்றில் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற அமைப்பு. ஐடெக்ஸ் என்றால் பாதுகாப்பு உற்பத்தித் துறைக்கு 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. உங்கள் ஃபைல் எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் போனது, அதன் மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல் என்று கேளுங்கள். டிடிஎஃப்காரர்களுக்கு மத்திய அரசின் குறைதீர் தளமான சிபிகிராம்ஸ்தான் மிச்சம்.

"டெல்லியில் ஆள் இருக்கிறார், பத்து சதவீதம் கொடுத்தால் தேர்வாகிவிடும்" என்று வருகிறவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. விண்ணப்பம் இணையத்தில், நீங்களே போடலாம். வரைபடங்களை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வரைபடம் என்றதும் இன்னொன்று. டிடிஎஃப்பில் உருவாகும் அறிவுசார் சொத்துரிமை உங்களுக்கும் டிஆர்டிஓவுக்கும் கூட்டாகப் போகும். நீங்கள் பல வருடம் முன்பே செய்து வைத்திருந்த கியர்பாக்ஸும் மென்பொருளும் அந்தக் கூட்டுக்குள் போய்விடாமல் இருக்க, ஏற்கெனவே உங்களுடையது எது என்று ஒரு பட்டியல் போட்டு ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இணையவழியில் பெரிய நிறுவனத்துக்கு 8,000 ரூபாய் ஆகும் விண்ணப்பக் கட்டணம், சிறு நிறுவனத்துக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் 1,600 ரூபாய்தான். சிறு நிறுவனம் என்று காட்டும் படிவம் 28-ஐ உத்யம் சான்றோடு சேர்க்க மறந்தால் முழுக் கட்டணமும் கேட்பார்கள்.