ஸ்கேன் நார்மல், ஆனா வேலைல உக்காந்தா மூளை ஏன் ஓடமாட்டேங்குது?

கடலூர் ஓ.டி.லேர்ந்து (பழைய டவுன்) ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் பைக்லேர்ந்து விழுந்து தலைல அடி, சிடி ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க, மூணு மாசம் கழிச்சு கடைக்கு கணக்கு எழுதப் போனா பதினோரு மணிக்கே சுருண்டு போறாராம். முதலாளி நடிப்புங்கறார், சொந்தக்காரங்க மந்திரிச்சு கயிறு கட்டிட்டாங்க.

நடிப்பும் இல்ல, காத்து கருப்பும் இல்லக்கா. மூளை நுங்கு மாதிரி. விழுந்ததும் மண்டையோடு டக்குனு நிக்கும், உள்ள இருக்கறது இன்னும் சுழண்டுகிட்டிருக்கும், அப்ப நரம்பு செல்லோட நீளமான வாலு, ஆக்ஸான், இழுபடுது. இங்கதான் அதிசயமே இருக்கு. பரோட்டா மாவை மெதுவா இழுத்தா நீண்டுகிட்டே வரும், வெடுக்குனு இழுத்தா பிஞ்சுரும்ல? ஆக்ஸானுக்குள்ள மைக்ரோடியூபுல்னு தண்டவாளம் மாதிரி பொடிக்குழாய்ங்க ஓடுது, செல்லுக்கு வேண்டிய சரக்கு அது மேலதான் போகும். நிதானமா இழுத்தா தாங்குற அதே குழாய் கண்ணு இமைக்கறதுக்குள்ள இழுத்தா ஒடஞ்சுடுது. வாலு அப்பவே அறுந்துடாது! ஒடஞ்ச எடத்துல சரக்கு தேங்கி, வீங்கி, பல மணி நேரம் கழிச்சு, சில சமயம் நாள் கழிச்சுதான் துண்டாகும். இவ்வளவு பொடி சேதம் சிடில பெரும்பாலும் தெரியாது, சாதாரண எம்ஆர்ஐலயும் தப்பிடும். உங்க வீட்டுக்காரருக்கு இதுதானான்னு நரம்பு டாக்டர்தான் பாத்து சொல்லணும்.

உடம்பு எடைல மூளை 2 சதவீதம்தான், ஆனா 20 சதவீத சக்திய அதுவே எடுத்துக்குது. ஆக்ஸான்ங்கற சேதி போற வழி அறுந்தா சுத்து வழில வேலை நடக்கும், அதே கூட்டல் கணக்குக்கு கூடுதல் பகுதிங்க சேந்து உழைக்குது. அதான் சீக்கிரம் களைப்பு, அதுவும் சந்தடில ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா சுத்தமா முடியாது.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல, வேலைல இருக்கும்போது ஊனமானவரை அரசு நிறுவனங்க நீக்கக்கூடாது, பதவி எறக்கக்கூடாதுன்னு இருக்கு. கடைக் கணக்கருக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல, இது ரொம்ப அநியாயம்னு நெனைக்கிறேன். ஆபரேஷனுக்கு செலவு பண்ற அரசாங்கம், அதுக்கப்புறம் ஆள வேலைக்கு திருப்பிக் கொண்டுவர்ற மறுவாழ்வு சிகிச்சைக்கும் ஊருக்கு ஊர் பணம் ஒதுக்கணும். புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரில அதுக்கு தனித் துறையே இருக்கு, கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

முதலாளிகிட்ட இப்படி கேட்டுப் பாருங்க: மொதல்ல காலைல ரெண்டு மணி நேரம் மட்டும், கல்லாவ விட்டு தள்ளி ஒரு மூலை, ஒரு நேரத்துல ஒரே நோட்டு, நடுவுல கண்ண மூடி பத்து நிமிஷம். களைப்பு கூடலன்னா கொஞ்சம் கொஞ்சமா நேரத்த ஏத்தலாம்.