வெனீர்: பல்லுக்கு உறையா, முகத்தகடா?

பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய பீங்கான் தகடுதான் வெனீர். பெரும்பாலும் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். நுனி உடைந்த பல், நடுவில் சந்து விழுந்த பற்கள், முளை போலக் கூம்பிச் சிறுத்த பக்கவெட்டுப் பல் (நடு முன்பல்லுக்கு அடுத்த பல்) ஆகியவற்றின் உருவத்தைத் திருத்த இது உதவுகிறது.

வெனீர் என்ற சொல் தச்சர்களிடமிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘ஃபூர்னிர்’ என்றால் வேண்டியதைக் கொடுத்து நிறைவு செய்வது. அது ஜெர்மனுக்குப் போய் ‘ஃபுர்னீரென்’ ஆகி, சாதாரண மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் சீவலை ஒட்டும் வேலையைக் குறித்தது. அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு வெனீர் கிடைத்தது. 1930களில் கலிபோர்னியப் பல் மருத்துவர் சார்ல்ஸ் பிங்கஸ், திரை நடிகர்களின் பற்களில் படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் இப்படிப்பட்ட மூடிகளை ஒட்டிவிட்டார். நிலையாக ஒட்டும் வழி அப்போது இல்லை. 1955இல் மைக்கேல் புவோனோகோர், பல்லின் கடினமான மேற்பரப்பான பற்சிப்பியில் (எனாமல்) அமிலம் தடவினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கத் தொடங்கினார்கள். அப்புறம்தான் இது நீடித்து நிற்கும் சிகிச்சையானது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று உண்டு. பீங்கானுக்கு இத்தாலியர் வைத்த ‘போர்செல்லானா’ என்ற பெயர் முதலில் சோழியைக் குறித்தது. அந்தப் பளபளப்புதான் காரணம். பல்லின் மேற்பரப்பைத் தமிழில் பற்சிப்பி என்கிறோம். ஆக, சோழியின் பெயர் கொண்ட பொருளைச் சிப்பியின் பெயர் கொண்ட பரப்பில் ஒட்டுகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பூச்சு’ பொருந்தாது, இது தடவுவதில்லை, தனியே செய்து ஒட்டுவது. ‘பல் உறை’ என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உறை என்றால் முழுக்க மூடுவது. அது கேப் அல்லது கிரவுன் எனப்படும் வேறு சிகிச்சைக்கு உரிய பெயர். ‘முகத்தகடு’ என்பதே என் தேர்வு: எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு மெல்லியது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது.

உருவம் மாறும் விதத்துக்கும் ‘முகம்’ பொருந்துகிறது. முன்பல்லின் இரு ஓரங்களிலும் ஒளி பட்டு மின்னும் செங்குத்துக் கோடுகளைப் பாருங்கள். பீங்கானில் அந்தக் கோடுகளைச் சற்று உள்ளே தள்ளி அமைத்தால், அதே அகலமுள்ள பல் ஒடுக்கமாகத் தெரியும். வெளியே தள்ளினால் அகன்று தெரியும்.

பெயர் குழம்பினால் நோயாளிக்குத்தான் நட்டம். உறைக்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். முகத்தகட்டுக்குப் பெரும்பாலும் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் அளவே எடுப்பார்கள். சில பற்களில் அதுவும் தேவைப்படாது. ராவிய பற்சிப்பி மறுபடி வளராது. அதனால் சம்மதம் சொல்லும் முன், தனக்குச் செய்யப்போவது உறையா முகத்தகடா, எவ்வளவு ராவுவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.