ஏற்காட்டுப் பால்வாடியில் அம்மா அப்பாவுக்கும் ஒரு நாள்

காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஏற்காட்டு அம்மாக்கள் பனி விலகும் முன்பே எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளையைப் பால்வாடியில் விடுவது பெரும்பாலும் பாட்டிதான். மலைக்கிராமம் ஒன்றில் ஒரு காலை வேளையில் பார்த்தேன். மூன்று வயசுப் பையன் வாசல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அவன் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பாட்டி நழுவப் போனார். டீச்சர் மறித்தார். "சொல்லாம போனா நாளைக்கு இன்னும் அழுவான்மா. பத்து நிமிசம் உக்காருங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து கூட்டிட்டுப் போறேன்னு அவன்கிட்டயே சொல்லுங்க." பாட்டி உட்கார்ந்தார். பையன் ஒரு கையில் முந்தானையும் மறு கையில் மரக்கட்டையுமாக இருந்தான். கட்டையை அடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முந்தானையை விட்டுவிட்டான்.

அந்தப் பத்து நிமிசமும் பால்வாடியை, அதாவது அங்கன்வாடியை, நடத்தும் அரசுத் திட்டத்துக்குள் அடங்கியதுதான். அது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கியது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு கிடைக்க வேண்டும் என்பதை 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே ஆக்கியது. சின்னப் பிள்ளைக்குச் சத்துமாவு, இரண்டு வயதுக்கு மேல் மதியச் சோறு, வாரத்துக்கு 3 முட்டை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முன்பருவக் கல்வியும், வீட்டாருக்கு ஊட்டச்சத்து, உடல்நலம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் அதே திட்டத்தின் சேவைகள்தான்.

மாதம் ஒரு நாள் முன்பருவக் கல்வி நாள் என்று உண்டு. அன்று பெற்றோர் மையத்துக்கு வந்து பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கலாம், கூட உட்கார்ந்து விளையாடலாம். 2018-இல் வந்த போஷண் அபியான் என்ற மத்திய அரசின் ஊட்டச்சத்துத் திட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: மாதம் இரண்டு முறை ஊர்மக்களைக் கூட்டி மையத்தில் நிகழ்ச்சி நடத்த வேண்டும். பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவது, முதன்முதலாகப் பால்வாடிக்கு அனுப்பத் தயார் செய்வது என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு தலைப்பு. அதில் ஒன்று கணவர்களை உட்காரவைத்துப் பேசுவதற்கென்றே உள்ளது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. மலையேறி வேலை செய்துவிட்டு வந்து அம்மா ஒருத்தியே சமைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளையையும் தூங்கவைத்தால் அவள் பொறுமை எத்தனை நாள் தாங்கும்? அப்பா ராத்திரி கால் மணி நேரம் பிள்ளையோடு பேசினால் இரண்டு பேருக்கும் அது பலம்.

மனத்திடம் என்பது அழாமல் இருப்பதல்ல. அழுதால் ஆள் வரும், விழுந்தால் தூக்கிவிடுவார்கள், போனவர்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்புவார்கள் என்று பிள்ளை திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகுவது அது. மூன்று வயதுக்குள் வீட்டில் என்ன பேசலாம், எப்படி விளையாடலாம் என்று மாதவாரியாகச் சொல்லும் நவசேத்தனா என்ற வழிகாட்டியும், மூன்று முதல் ஆறு வயதுக்கான ஆதார்ஷிலா பாடத்திட்டமும் 2024-இல் மத்திய அரசிடமிருந்து வந்தன. விலை கொடுத்து வாங்கும் பொம்மை வேண்டாம். கிண்ணமும் கரண்டியும் போதும். உங்கள் பிள்ளை வயதுக்கு என்ன விளையாட்டு என்று டீச்சரிடம் கேளுங்கள்.

பேச்சு வர நேரமாகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்ற கவலை இருந்தால் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டப்படி மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். குறை தெரிந்தால் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள், செலவு கிடையாது. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். ஆனாலும் பேச்சு, நடை சம்பந்தமான பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பிள்ளைக்கு ஆதார் எடுக்கவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அம்மாவின் ஆதாரை வைத்தே பதியலாம். வெளி மாநிலத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பத்துக்கும் இது பொருந்தும். பக்கத்து லைன் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஊரில் மையமே இல்லையா? கிராமத்திலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து மக்கள் கேட்டால், 3 மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் உத்தரவிட்டது. பிள்ளைகளின் பெயர், வயது எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கே தாங்க முடியாத சோர்வு, காரணமில்லாத அழுகை, பிள்ளைமேல் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் என்றால் 14416-க்குப் போன் போடலாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சில மலை ஊர்களில் சிக்னல் கிடைக்காது. டவர் எடுக்கும் இடத்துக்குப் போகும் நாளில் பேசுங்கள், எண்ணை இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.